என் நிலத்துக்குள் நடந்து வந்த மூங்கில்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பந்தல், மைக்செட், சாப்பாடு மூன்றும் என் செலவு. அதனால் முன்வரிசையில் நடு நாற்காலி எனக்கு. முதல் பொன்னாடையும் எனக்குத்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அந்தப் பள்ளிக்கூடமே சால்வை போர்த்துகிறது என்றால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். மூளை இல்லாத உயிர்களுக்கு அறிவு உண்டா, இல்லையா என்று தலைப்பு. உண்டு என்று பேசிய டீச்சரம்மா கடலில் மிதக்கும் சொறிமீன், மழைக்கு முளைக்கும் காளான், கொம்பு தேடி ஏறும் கொடி என்று அடுக்கினார். இல்லை என்ற கட்சிதான் கைதட்டலை அள்ளியது. மூளை இல்லாமல் அறிவு என்பது அடுப்பு இல்லாமல் சோறு வடிக்கிற கதை என்று ஒருவர் சொன்னார்; பந்தலே சிரித்தது. நடுவர் இல்லை என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். என் இடது புருவத்திலிருந்து உச்சி வரைக்கும் ஒரு தழும்பு ஓடுகிறது. என் மச்சினனுக்கு இடது கால் முழங்காலோடு நின்றுபோனது. இன்னொரு ஆளுக்கு வலது கையில் மூன்று விரல் கிடையாது. மூன்றுக்கும் காரணம் ஒரு மூங்கில் குத்து, ஒரே தூரில் கிளைத்த மூங்கில் புதர். அதை என் அளவுக்கு நெருக்கத்தில் இருந்து பார்த்தவன் இந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா பண்ணையாள். வெண்ணாற்றங்கரையில் பண்ணைக்கு ஒரு பெரிய படுகை இருந்தது. ஆற்றை ஒட்டின வண்டல் மண். எதை ஊன்றினாலும் எழுந்து நிற்கும். பண்ணை முதலாளி மெட்ராஸிலும் தஞ்சாவூரிலுமாக இருப்பார். இங்கே ராஜாங்கம் எல்லாம் பண்ணையைப் பார்த்துக்கொண்ட அவருடைய காரியக்காரர் கையில். ஆளை வேலைக்கு அனுப்புவதும், நெல் அளப்பதும், முதுகைக் கிழிப்பதும் அவர் கைவேலை. நல்ல சிவப்பாக, உயரமாக, சைக்கிளில் வருவார். சைக்கிள் ஹேண்டில்பாரில் சவுக்கு சுற்றிக் கிடக்கும்.

படுகையை முதலாளியின் மகன்கள் இரண்டு பேருக்கும் பாதி பாதியாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு வருஷம் முடிவானது. வடக்கே ஒரு ஒற்றைப் பனை, தெற்கே ஒரு மதகு. இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் நடுமத்தியில் ஒரு மூங்கில் கட்டையை நடச் சொன்னார் காரியக்காரர். அப்பாதான் நட்டார். எல்லைக்குக் கல் போட்டால் ஆற்று வெள்ளம் உருட்டிக்கொண்டு போய்விடும், மூங்கில் என்றால் வேர் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. உயிருள்ளதைக் கொண்டுபோய் எல்லையாக நட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காரியக்காரர் வந்தபோது கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கட்டை மேற்கே கோணி நிற்கிறது என்றார். அப்பா, கயிற்று மேலேதான் நட்டேன் எசமான் என்றார். அவ்வளவுதான். நட்டது தப்பா சரியா என்பது அப்புறம். பதில் சொன்னது தப்பு. அந்த ஒற்றைப் பனையிலேயே கட்டி வைத்து அடித்தார்கள். முதுகுத் தோல் வாழைப்பட்டை மாதிரி உரிந்து தொங்கியது. அடித்து முடித்துச் சாணியைக் கரைத்துக் கொண்டுவரச் சொல்லி, ஒரு மூங்கில் குழாயைப் பல்லுக்குள் திணித்து ஊற்றினார்கள். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு பெயரே உண்டு, சாணிப்பால். அப்பா வரப்பில் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு, விட்ட வேலையைப் பார்க்கப் போனார். சாகிற வரைக்கும் அவர் மாட்டுக்கொட்டகை இருக்கும் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

நான் அந்த வேலைக்குப் போகவில்லை. நீடாமங்கலம் ரயிலடியில் நெல் மூட்டை தூக்கினேன். இரண்டு பேர் தூக்குகிற மூட்டையை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றியிருக்கிறேன். பார்த்தவர்கள் செத்துவிட்டார்கள், அதனால் நீங்கள் என்னைத்தான் நம்ப வேண்டும். மூட்டையிலிருந்து மாட்டு வண்டி, வண்டியிலிருந்து நெல் வாங்கி விற்கிற தரகு. அதற்குள் ஆட்சி மாறிவிட்டது. சென்னையில் புதுக் கட்சி நாற்காலியில் உட்கார்ந்தது. கூலிக்கு ஒரு சட்டம், குத்தகைக்கு ஒரு சட்டம், இத்தனை ஏக்கருக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு உச்சவரம்புச் சட்டம். எங்கள் தெரு ஆட்கள் அறுவடைக்குக் கூலி கூடக் கேட்டு அரிவாளைக் கீழே வைத்தார்கள். வெளியூர் ஆள் கொண்டுவந்து அறுத்தார்கள். வயல் நடுவிலேயே மண்டை உடைந்தது. எந்தக் கதிர்க்கட்டில் யார் ரத்தம் என்று தெரியாமல் களத்துக்குப் போன வருஷங்கள் அவை.

பண்ணை முதலாளி பயந்துபோய் நிலத்தை உதற ஆரம்பித்தார். படுகையின் மேற்குப் பாதியை விலைக்குப் போட்டார். நான் வாங்கினேன். அப்பாவைக் கட்டி வைத்து அடித்த மண்ணை மகன் கிரயம் வாங்கினான் என்று ஊரே வாயைப் பிளந்தது. கிழக்குப் பாதியைச் சட்டத்துக்குப் பயந்து காரியக்காரர் பெயரில் எழுதி வைத்தார் முதலாளி. பினாமியாகத்தான் எழுதினார். காரியக்காரர் அதை அப்படியே விழுங்கிவிட்டார். ஆக, அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள். ஒரே சர்வே நம்பர், உட்பிரிவு ஆகவில்லை. இரண்டு பத்திரத்திலும் எல்லை ஒன்றுதான்: மூங்கில் குத்து. பனையையும் மதகையும் யாரும் எழுதவில்லை.

நான் குத்திலிருந்து நன்றாகவே மேற்கே தள்ளி, கையிலிருந்த கடைசிக் காசையும் போட்டு ஒரு குழாய்க்கிணறு இறக்கினேன். ஆயில் எஞ்சின் வைத்தேன். படுகையில் வாழை, கரைக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு எடுத்த வயலில் நெல். எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். அது இருக்கிற வரைக்கும் நான் விவசாயி. அது போனால் மறுபடி ரயிலடி.

கிணற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவே எருக்குழி வெட்டினேன். அதுதான் வினை.

மூங்கில் எப்படி வளரும் என்று பார்த்திருக்கிறீர்களா? மண்ணுக்குள் இஞ்சி மாதிரி கிழங்கு விடும். அந்தக் கிழங்கு எந்தப் பக்கம் ஈரமும் எருவும் இருக்கிறதோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பி அடுத்த கிழங்கை விடும். மழை விழுந்ததும் அங்கிருந்து குருத்து வரும். பின்னால் கிடக்கும் பழைய தூர் காய்ந்து உளுத்துவிடும். வருஷத்துக்கு ஒரு அடி எடுத்து வைக்கிற மாதிரிதான். எங்கள் குத்து என் எருவைத் தின்னத் தின்ன மேற்கே வந்தது. முன்பக்கம் பச்சைப் பசேலென்று முள்ளோடு முன்னேறும். பின்பக்கம், காரியக்காரர் பக்கம், வெறும் கட்டையும் புழுதியும். அந்தப் புழுதியை அவர் உழுதுகொண்டே வந்தார். மூங்கில்தானே எல்லை, மூங்கில் எங்கே போனாலும் அதுவரைக்கும் என்னுடையது என்று பேச்சு.

நான் குருத்தை வெட்டினேன். வெட்டினால் இரண்டு வந்தது. ஒரு நாள் குனிந்து வெட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அவருடைய ஆட்கள் தடியால் போட்டார்கள். முள்ளுக்குள்ளேயே விழுந்தேன். மூங்கில் முள் கொக்கி மாதிரி. உள்ளே போவது எளிது, வெளியே வரும்போது சதையோடு வரும். விழுந்தவனை இழுத்துப் போட்டு மறுபடி அடித்தார்கள். காரியக்காரர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்கப்பன் நட்ட எல்லைய நீயே வெட்டுறியேடா. நன்றி கெட்ட பயலே" என்றார்.

நான் வாயில் ரத்தத்தோடு, "வெட்டலைங்க, கால்நடையா வந்துருச்சு, வந்த வழியே திருப்பி அனுப்புறேன்" என்றேன். அடித்துக்கொண்டிருந்த ஒருத்தன் சிரித்துவிட்டான். அதற்கு அவனும் ஒரு உதை வாங்கினான்.

சித்திரை வெயிலில் குத்துக்கு நெருப்பு வைத்தேன். என் பெண்சாதி வேண்டாம் என்றாள். அவள் பேச்சை அன்றைக்குக் கேட்டிருந்தால் மச்சினன் இன்னும் இரண்டு காலில் நடப்பான். ஆனால் பெண்சாதி சொல்கிறாள் என்று பின்வாங்குகிறவன் படுகை வாங்கியிருக்க மாட்டான். உச்சி வேளை. காய்ந்த தூர் சடசடவென்று பிடித்தது. பிறகு வெடிக்க ஆரம்பித்தது. மூங்கில் கணு ஒவ்வொன்றிலும் காற்று அடைபட்டிருக்கும். சூடு ஏறினால் துப்பாக்கி மாதிரி வெடிக்கும். பெரிய பண்ணைகளில் துப்பாக்கி இறக்கியிருக்கிறார்கள் என்று ஊருக்கு ஊர் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் தெரு ஆட்கள் காரியக்காரர் என்னைச் சுட்டுவிட்டார் என்று அரிவாளோடு ஓடிவந்தார்கள். அவருடைய ஆட்கள் நான் அவரைச் சுட்டுவிட்டேன் என்று வேல்கம்போடு ஓடிவந்தார்கள். நானும் அவரும் நெருப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டிருந்தோம். சுடவில்லை என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

வாழைக்குள்தான் அடிதடி. வாழைத்தாரும் மரமும் மனிதனும் ஒரே மாதிரி சாய்ந்தன. என் புருவத்தில் இறங்கியது யாருடைய அரிவாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு கண்ணில் ரத்தம் மறைத்துக்கொண்டதால் மற்ற கண்ணால் பார்த்தேன். என் மச்சினன், பெண்சாதிக்குத் தம்பி, மீசை சரியாக முளைக்காத வயசு, காரியக்காரரை நேராகப் போய் மறித்தான். அவர் தலையை மறைக்கக் கையைத் தூக்கினார். சவுக்குப் பிடித்த கை. அரிவாள் விரலில் பட்டது. வெள்ளரிப்பிஞ்சை நறுக்கின சத்தம்தான் கேட்டது. அதே நேரத்தில் பின்னாலிருந்து வந்த வேல்கம்பு மச்சினனின் தொடையைத் துளைத்து, அவனை அப்படியே எரிகிற மூங்கில் முள் மேல் தள்ளியது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனோம். முள் குத்தின இடமெல்லாம் அழுகி, கால் கருத்து, முழங்காலோடு எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் முதலில் கேட்டது, "மாமா, மூங்கில் போச்சா?"

போச்சு என்றேன். போகவில்லை. அடிதடி கேஸில் போலீஸ் என்னைப் பிடித்து உள்ளே வைத்தது; நான் வெளியே வருவதற்குள் ஆடி மழை விழுந்திருந்தது. சாம்பலைக் குடித்துவிட்டு முன்னைவிடக் கொழுத்த குருத்தாக எழுந்து நின்றது. கிணற்றுக்கு இன்னும் பக்கத்தில்.

அன்றைக்கு அதற்கு எதிரில் உட்கார்ந்து யோசித்தேன். அடித்தால் போகாது, வெட்டினால் போகாது, கொளுத்தினால் போகாது. இதற்கு வேண்டியது சோறு. சோறு எங்கே இருக்கிறதோ அங்கே போகிறது. அப்படியானால் சோற்றை அந்தப் பக்கம் வைத்தால்? என் எருக்குழியைத் தூர்த்தேன். மத்தியானம் காரியக்காரர் சாப்பிட்டுப் படுக்கிற நேரமாகப் பார்த்து, கூடை கூடையாக எருவை அவர் பக்கத்துப் புழுதியில் புதைத்துத் தண்ணீரும் காட்டினேன். எதிரி நிலத்துக்கு எரு போட்ட ஆளை இந்த டெல்டாவில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தோன்றியது, செய்தேன்.

இரண்டு மழைக்குள் மூங்கில் கிழக்கே திரும்பிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, சொன்ன பேச்சைக் கேட்கிற மாடு மாதிரி திரும்பியது. நான் மார்தட்டிக்கொண்டேன்.

ஆனால் காரியக்காரர் முட்டாள் இல்லை. தன் பக்கத்து மண்ணை நோண்டிப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு நாள் என் பெண்சாதி வந்து, "ஏங்க, நம்ம வாழைக்கு யாரோ எரு போட்டுருக்காங்க, நீங்களா?" என்றாள். நான் இல்லை. மறுநாள் மத்தியானம் வாழை மறைவில் அரிவாளோடு உட்கார்ந்தேன், வருகிறவனை வெட்டிவிடுவது என்று.

வந்தது அவரேதான். கூலித் தகராறில் அவரிடம் அப்போது ஒரு ஆளும் வேலைக்குப் போகவில்லை. போனவனும் அந்தக் குத்துப் பக்கம் வரப் பயந்தான். அதனால் அவரே தூக்கிக்கொண்டு வந்தார். பச்சைச் சாணி, ஒழுகுகிற கூடை, தலையில். விரல் இல்லாத கையால் கூடையைப் பிடிக்க வராமல் முன்கையால் அணைத்துக்கொண்டிருந்தார். சாணித் தண்ணீர் நெற்றியில் இறங்கி, மூக்கு வழியாக வாயில் போனது. துப்பக் கை ஒழியவில்லை.

நான் அரிவாளைக் கீழே வைத்தேன். வெட்டினால் இது ஒரு நாளோடு முடிந்துவிடும். நான் அதைத் தினமும் பார்க்க விரும்பினேன். பார்த்தேன். அவர் என் நிலத்துக்குச் சாணி சுமந்தார், நான் அவர் நிலத்துக்குச் சுமந்தேன். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் நிறுத்தவில்லை. நிறுத்தினவன் பக்கம் மூங்கில் திரும்பிவிடும் என்கிற பயம்.

வீட்டில் மச்சினன் ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "மாமா, நம்ம தாத்தன் பண்ணையாளு, உங்கப்பா பண்ணையாளு. இப்ப நீங்க பண்ணையாளு, அந்தாளும் பண்ணையாளு. முதலாளி யாருன்னு பாத்தீங்களா?"

அன்றைக்கு அவனைத் திட்டினேன். பட்டிமன்றத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சுதான் காதில் ஓடியது. அறிவு என்றால் என்ன என்று அங்கே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் வாழ்க்கையில் பார்த்த அறிவாளி எல்லாம் ஒரே ஜாதி: தான் உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு இன்னொருத்தனைச் சுமக்க வைக்கிறவன். பண்ணை முதலாளி அப்படி, காரியக்காரர் அப்படி, ஒரு காலத்துக்கு அப்புறம் நானும் அப்படி. அந்த மூங்கில் எங்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டது. மூளை உள்ள இரண்டு பேரைத் தலையில் சாணி சுமக்க வைத்து, கிழக்கிலும் மேற்கிலும் தின்று, நடுவில் உளுத்து, இரண்டு பக்கமும் பரவி நின்றது. இதற்கு அறிவு இல்லை என்றால் எங்களுக்கு இருந்தது என்ன?

பிறகு ஒரு வருஷம் பங்குனியில் அதன் இலை எல்லாம் கொட்டியது. கொப்பு நுனியெல்லாம் நெற்கதிர் மாதிரி பூ. மூங்கில் பூத்தால் ஊருக்கு ஆகாது என்று பெண்கள் தலையில் கை வைத்தார்கள். பூத்தால் அந்த மூங்கில் செத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்று நடந்தது. என் கல்யாணத்தின்போது அப்பா இதே குத்திலிருந்து ஒரு கட்டையைப் பெயர்த்து, குடவாசல் பக்கம் இருக்கும் என் மாமனார் கொல்லைக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அது வேறு மண், வேறு தண்ணீர், யாரும் எரு போடவில்லை, யாரும் கொளுத்தவில்லை. அதுவும் அதே பங்குனியில் பூத்துக் காய்ந்தது. மாமனார் ஆள் அனுப்பிச் சொன்னார். இங்கே இருக்கிறது அங்கே இருப்பதற்கு எப்படிச் சொல்லி அனுப்பியது? அந்த நடுவர் சொல்லட்டும்.

குத்து செத்ததும் எல்லையும் செத்தது. காரியக்காரர் வாடகை டிராக்டரைக் கொண்டுவந்து என் கிணற்றுக்கும் மேற்கே கலப்பையை இறக்கினார். நான் கலப்பைக்கு முன்னால் படுத்தேன். மச்சினன் டிரைவரின் சட்டையை எட்டிப் பிடித்து இழுத்து, ஊன்றுகோலால் வாயில் போட்டான். பல் தெறித்தது. மறுபடி வேல்கம்பு, மறுபடி அரிவாள். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. கூடவே தாலுக்கா ஆபீஸிலிருந்து ஒரு சர்வேயர்.

சர்வேயர் இரண்டு பத்திரத்தையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார். மூங்கிலை முதலில் எங்கே நட்டார்களோ அதுதான் எல்லை, அது எங்கே என்றார். பனைக்கும் மதகுக்கும் நேர்கோட்டில் என்றேன் நான். காரியக்காரர் சிரித்தார்.

"அவன் அப்பன் கோணலா நட்டான் சார். மேக்கால ரொம்ப தூரம். அதுக்குத்தான் அன்னைக்கு அவனைக் கட்டி வச்சு அடிச்சேன். ஊரே பாத்துச்சு, கேட்டுப் பாருங்க."

கேட்டார் சர்வேயர். ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். அடித்தது நிஜம்தானே. அடி வாங்கினதே அப்பா தப்பாக நட்டதற்குச் சாட்சியாகிவிட்டது. அப்பாவின் முதுகில் உரித்த தோலைக் காட்டி அவர் மகனின் கிணற்றைக் கேட்கிறான். போலீஸ்காரர் மட்டும் என் இடுப்பைக் கட்டிப் பிடிக்காவிட்டால் அந்த ஆளின் மிச்ச விரலும் அன்றைக்கு இருந்திருக்காது.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஊரில் கேட்டால் நான் சொன்னேன் என்றுதான் சொல்வேன். சொன்னது என் பெண்சாதி. "இஞ்சி மாதிரிதானே சார் அது. ஒண்ணுல ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். தாய்க் கிழங்கு எங்க கெடக்குன்னு நோண்டிப் பாருங்களேன்."

மேற்கு ஓரத்தில் ஆரம்பித்தோம். கடப்பாரை, மண்வெட்டி. மேலே புதுக் கிழங்கு, கல்லு மாதிரி. அதன் பின்னால் ஒட்டினபடி முந்தின வருஷத்தது. அதன் பின்னால் அதற்கு முந்தினது. நெருப்பு வைத்த வருஷத்துக் கிழங்கில் கருகல் அப்படியே இருந்தது. என் எருக்குழியைப் பார்த்துத் திரும்பின வளைவு தெரிந்தது. கிழக்கிலிருந்தும் ஒரு வரிசை தோண்டினார்கள். அதில் நான் சாணி போட்டு இழுத்த திருப்பம் தெரிந்தது. நடந்த ஒவ்வொரு அடியையும் மண்ணுக்குள் வைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அத்தனை பேருக்கு மூளை இருந்தது; ஒருத்தருக்கும் அது எங்கிருந்து கிளம்பியது என்று ஞாபகம் இல்லை, இருந்தவரும் பொய் சொன்னார். இது ஒன்றையும் விடவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் இரண்டு வரிசையும் ஒரே இடத்தில் போய் முடிந்தன. உளுத்து, கருத்து, முழங்கை நீளத்தில் ஒரு கட்டை. மற்றதெல்லாம் தானாக முளைத்தது. இதில் மட்டும் ஒரு நுனியில் அரிவாளால் சாய்த்து வெட்டின முகம் இருந்தது. மனிதன் வெட்டி நட்டது. சர்வேயர் பனையிலிருந்து மதகுக்குக் கயிறு கட்டச் சொன்னார். கட்டினோம். கயிறு அந்தக் கட்டையின் நட்டநடுவில் படிந்தது. விரல் அகலம் கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை.

கிணறு என்னுடையது. அதற்குக் கிழக்கே கயிறு வரைக்கும் அவர் உழுத நிலமும் என்னுடையது. எங்கள் தெரு ஆட்கள் கத்தினார்கள். மச்சினன் ஊன்றுகோலை ஆற்றுக்குள் எறிந்துவிட்டு, அப்புறம் அதை எடுத்துவரச் சொல்லி என்னைக் கெஞ்சினான்.

காரியக்காரர் கத்தவில்லை. பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு நன்றாக வயசாகியிருந்தது. கயிற்றையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கூடப் பார்த்தார், அன்றைக்குச் சைக்கிளில் உட்கார்ந்து பார்த்த மாதிரியே. பிறகு என் பக்கம் திரும்பினார். என்னைக் கேட்கிற மாதிரி இல்லை. பதில் தெரிந்த ஒருத்தன் அங்கே இருந்தால் சொல்லட்டும் என்கிற மாதிரி.

"நேராத்தானே நட்டிருக்கான்" என்றார். "அப்ப நான் எதுக்குய்யா அவனை அடிச்சேன்?"

நான் பள்ளத்துக்குள் இறங்கி, அந்தக் கட்டையை மண்ணோடு தூக்கித் துண்டில் சுற்றிக்கொண்டேன். அது நின்ற குழியில் சர்வேயர் கல்லை இறக்கினார்.

கட்டை இப்போது, அப்புறம் நான் கட்டின ரைஸ்மில்லின் ஆபீஸில், என் நாற்காலிக்கு நேர் எதிரே இருக்கிறது. பட்டிமன்ற நடுவரை வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவர் வரவில்லை.